பன்றி மாமா ரோடு

சியோல்
ஆகஸ்ட் 4

அண்ணா,

உன் இடுப்பு எப்படி இருக்கிறது? சிறையில் வெறும் சிமெண்ட் தரையில்தான் படுக்க வேண்டும் என்று அண்ணி போனில் சொன்னார். இரண்டு மெத்தை விரிப்பு அனுப்பியிருக்கிறேன். உள்ளே விடுவார்களா தெரியவில்லை. எனக்கு ஒரு குறையும் இல்லை. குளிர்சாதன அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவளுக்கு என்ன குறை வரப்போகிறது?

உன்னைப் பிடித்த அன்று காலை செய்தியாளர் அறையில் இருந்தேன். அரசுப் பேச்சாளர் வந்து, "சோட்கோல் மலையில் ரேடார் தளப் பணி அமைதியாகத் தொடங்கியது" என்றார். அறையில் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் அதைத் தட்டினோம். தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி இருக்கும் அந்தச் சத்தம். 'அமைதியாக' என்று நானும் தட்டினேன். தட்டி முடித்து நிமிர்ந்தால் சுவரில் இருந்த டிவியில் நான்கு போலீஸ்காரர்கள் ஒருவனைக் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறார்கள். முகம் தெரியவில்லை. ஷூவைப் பார்த்துத்தான் நீ என்று தெரிந்தது. போன புத்தாண்டுக்கு நான் வாங்கித் தந்த ஷூ.

என் செய்தி ஆசிரியர் கூப்பிட்டு, "உங்க ஊருதானே நாரே, ஒரு நேரடிக் கட்டுரை எழுதுறியா?" என்று கேட்டார். சொந்தக்காரர்கள் சம்பந்தப்பட்டிருப்பதால் எழுதுவது சரியில்லை என்றேன். என் நேர்மையை எல்லோரும் பாராட்டினார்கள்.

வடக்கிலிருந்து வரும் ஏவுகணையைப் பார்க்கத்தான் ரேடார் என்கிறது அரசு. அது தன்னைத்தான் பார்க்கிறது என்கிறது சீனா. இரண்டையும் தினமும் எழுதுகிறேன். உன்னைப் பார்க்க இந்த வாரம் வர முடியவில்லை. கோபித்துக்கொள்ளாதே. என்ன நடந்தது என்று நீயே எழுது.

உன் தங்கை,
நாரே


சிறை
ஆகஸ்ட் 12

நாரேவுக்கு,

விரிப்பை உள்ளே விட்டார்கள். ஒன்றைப் பக்கத்தில் படுக்கிற கிழவருக்குக் கொடுத்துவிட்டேன். அவர் கள்ளக் கையெழுத்து வழக்கு. வந்த அன்றே கேட்டார்.

"உனக்கு என்ன கேஸ்?"

"டிராக்டர்."

"திருடினியா?"

"என் சொந்த டிராக்டர்தான். ரோட்டுல நிறுத்தினேன்."

"நாப்பது வருசமா உள்ள வந்து போறேன். சொந்த டிராக்டருக்கு உள்ள வந்த மொத ஆள் நீதான்யா."

நடந்ததை எழுதுகிறேன். ரேடார் வண்டிகள் பெரிய ரோட்டில்தான் வரும் என்று போலீஸும் நாங்களும் அங்கேயே எதிரும் புதிருமாக நின்றோம். எங்கள் யோசனை வேறு. காட்டுப்பன்றி வந்தால் ஊர் ஒலிபெருக்கியில் அந்தப் பழைய துறைமுகக் காதல் பாட்டைப் போடுவோமே, அதே பாட்டைப் போடுவது. பாட்டுக் கேட்டதும் முலாம்பழம் வளர்க்கிற பிளாஸ்டிக் கூடாரங்களுக்குப் பின்னால் மறைத்து வைத்திருக்கிற டிராக்டர்கள் எல்லாம் நீர்த்தேக்கக் கரைப் பாதையில் வந்து மலையடிவாரத்தை அடைத்துவிட வேண்டும். ஆறு வயதில் நீ 'பன்றி மாமா ரோடு' என்று பெயர் வைத்தாயே, நம் வீட்டைத் தவிர வேறு எவரும் அப்படிச் சொல்லாத அந்தப் பாதைதான். சியோலிலிருந்து வரும்போது ஊர்க்காரர்கள் கண்ணில் படாமல் நீ வீட்டுக்கு வந்து சேர்வதும் அதில்தானே.

அன்று காலை வண்டிச் சத்தம் கேட்டதும் பாட்டைப் போட ஓடினேன். ஒலிபெருக்கி ஒயரை யாரோ அறுத்திருந்தார்கள். டிராக்டரில் ஏறி நானே கிளம்பினேன். கரைப் பாதையில் போலீஸ் முன்னமே உட்கார்ந்திருந்தது. துரத்தி வந்தவர்கள் மாதிரி இல்லை. சாவகாசமாக உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். நான் போன டிராக்டரைத்தான் முதலில் பிடித்தார்கள்.

ஊருக்குள் எவனோ சொல்லியிருக்கிறான். ஒரே ஒரு ஆள் மேல்தான் எல்லோருக்கும் சந்தேகம். ஜோங்கு அண்ணன். எங்கள் டிராக்டரையெல்லாம் பழுது பார்க்கிறவர். அவருடைய மருமகன் நகரத்தில் போலீஸ். வேறு யாருக்கு என்ன லாபம்?

நீ மேலே இருக்கிறவள். அதிகாரிகளோடு சாப்பிடுகிறவள். போலீஸுக்குச் சொன்னது யார் என்று கேட்டுச் சொல். இது ஒன்றுதான் உன்னிடம் கேட்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணன் சங்மோ


சியோல்
ஆகஸ்ட் 27

அண்ணா,

பதில் தாமதமாகிவிட்டது. வடக்கில் மறுபடி ஏவுகணை சோதனை. மூன்று நாள் அலுவலகத்திலேயே இருந்தேன். உன் வலி குறைந்ததா? சிறை மருத்துவரிடம் சொன்னாயா?

நீ கேட்டதை விசாரிக்கிறேன். நேரடியாகக் கேட்க முடியாது. இங்கே யாரும் எதையும் நேரடியாகச் சொல்வதில்லை.

ஜோங்கு அண்ணன்தான் என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்? கொஞ்சம் பொறுங்கள்.

புயல் வருகிறது என்கிறார்கள். கூடாரத்து பிளாஸ்டிக்கை இறுக்கிக் கட்ட யாராவது அண்ணிக்கு உதவுகிறார்களா?

நாரே


சிறை
ஆகஸ்ட் 31

நாரேவுக்கு,

வலி குறையவில்லை. மருத்துவர் எல்லாவற்றுக்கும் ஒரே வெள்ளை மாத்திரை தருகிறார். வயிற்று வலிக்காரனுக்கும் அதுதான். நீ நலமாக இரு.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பதினைந்து நாள் கழித்து வந்த கடிதத்தில் இவ்வளவுதானா?

உன் அண்ணி மிசுக் நேற்று பார்க்க வந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஊர்க் கதை சொன்னாள். ஜோங்கு அண்ணன் ஊர் மண்டபத்துக்குள் வந்தால் எல்லோரும் சாப்பாட்டுக் குச்சியைக் கீழே வைத்துவிடுகிறார்களாம். ஊர்ப் பெரியவர் உங் மாமா முகத்துக்கு நேராகவே கேட்டாராம்: "ஏன்டா ஜோங்கு, மருமவனுக்குப் பழம் மட்டுந்தான் அனுப்புனியா, ஊரையும் சேத்துப் பார்சல் பண்ணிட்டியா?" அவர் தட்டோடு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டாராம். மறுநாளும் வந்து அதே மூலையில் உட்கார்ந்தாராம்.

கடைசி அறுப்புக்கு அவர் வயலுக்கு ஒரு ஆளும் போகவில்லை. பழம் கொடியிலேயே வெடித்துக் கிடக்கிறது. கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உள்ளதைச் சொல்கிறேன். பன்றி வந்தால் கூப்பிடுகிற ஆட்களில் அவரைச் சேர்க்க வேண்டாம் என்று ஊர்த் தலைவருக்கு இங்கிருந்தே எழுதினேன். அப்படியே செய்துவிட்டார்கள்.

இன்னொன்று. அறையில் பழைய பத்திரிகை ஒன்று சுற்றுக்கு வந்தது. உன் பத்திரிகை. 'சோட்கோல் போராட்டத்தின் பின்னால் வெளியாட்கள்: முக்கிய அதிகாரி ஒருவர் தகவல்.' கீழே உன் பெயர். சொந்தக்காரர்கள் இருப்பதால் எழுத மறுத்தேன் என்றாயே? எந்த வெளியாள்? உங் மாமாவா? மிசுக்கா? நான் ரோட்டில் வண்டி நிறுத்தினால் என் பெயர், வயது, குடும்பப் பெயர் எல்லாம் அச்சில் வருகிறது. பொய் சொல்கிற அதிகாரிக்கு மட்டும் ஏன் பெயர் இல்லை? அவனுக்கு அம்மா அப்பா பெயர் வைக்கவில்லையா?

விசாரித்துச் சொல். பருவம் மாறுகிறது, சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

சங்மோ


சியோல்
செப்டம்பர் 7

அண்ணா,

இங்கே வானம் தெளிந்து நன்றாக இருக்கிறது. உனக்கு அந்தச் சின்ன ஜன்னல் வழியாக வானம் தெரியுமா? வலிக்குத் தடவ மருந்து அனுப்பியிருக்கிறேன்.

அந்தச் செய்தியை நான்தான் எழுதினேன். நேரடிக் கட்டுரைதான் மாட்டேன் என்றேன். இது மேலிடத்துச் செய்தி, வேறு வகை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எங்கள் வேலை எப்படி நடக்கிறது என்று உனக்குத் தெரியாது. வெவ்வேறு பத்திரிகைகளைச் சேர்ந்த ஐந்து பேர் ஒரு குழு. அந்தக் குழுவாகத்தான் அதிகாரிகளை மதியச் சாப்பாட்டுக்கு அழைப்போம். தனியாக அழைத்தால் வரமாட்டார்கள். சாப்பிடும்போது யாரும் குறிப்பு எடுக்கக் கூடாது. குழுவில் இளையவள் எல்லாவற்றையும் மனதில் வாங்கிக்கொண்டு, நடுவில் கழிப்பறைக்குப் போய் போனில் தட்டிவிட்டு வருவாள். மாலையில் ஐந்து பேருக்கும் ஒரே குறிப்பு வந்துவிடும். பெயர் போட மாட்டோம் என்பதுதான் வாக்கு. பெயர் போட்டால் அடுத்த முறை எவரும் வாய் திறக்க மாட்டார்கள். வாய் திறக்காவிட்டால் நாட்டுக்கு என்ன நடக்கிறது என்றே தெரியாது. சீனா சுற்றுலாப் பயணிகளை நிறுத்தப் போகிறது என்பதும், அமெரிக்கத் தளபதி எதற்கு வந்தார் என்பதும் அந்தச் சாப்பாட்டு மேசையில்தான் எங்களுக்குத் தெரிந்தது.

இதையெல்லாம் எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தால் செயலர் யாங் பேசுகிற மாதிரியே இருக்கிறது. ரேடார் விவகாரத்தைப் பார்க்கிற அதிகாரி அவர். போன வாரம் தாழ்வாரத்தில் என்னைப் பார்த்து, "உங்க அண்ணன் கேஸைக் கொஞ்சம் பாக்கச் சொல்றேன்மா" என்றார். குனிந்து நன்றி சொன்னேன். சொன்ன பிறகு முகம் கழுவப் போனேன்.

ஜோங்கு அண்ணனை விட்டுவிடுங்கள். அவர் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நாரே


சிறை
செப்டம்பர் 14

நாரேவுக்கு,

மருந்து கிடைத்தது. வானம் தெரியாது. எதிர்க் கட்டடத்துச் சுவர் தெரியும்.

பதினொன்றாம் தேதி நீதிமன்றத்துக்குக் கூட்டிப் போனார்கள். கரைப் பாதையில் உட்கார்ந்திருந்த போலீஸ் அதிகாரிதான் முதல் சாட்சி. விறைப்பாக நின்று, மனப்பாடம் செய்தது போல் ஒப்பித்தான். நடுவில் அவன் ஒரு வார்த்தை சொன்னான். நீதிமன்றமே சிரித்துவிட்டது. நீதிபதியும் சிரித்தார். மிசுக்குக்குப் பின்வரிசை, சரியாகக் கேட்கவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதை இன்னொரு நாள் சொல்கிறேன்.

இப்போது அவசரம் வேறு. மலைக்குப் போகிற வழியில் ஜோங்கு அண்ணனுக்கு மூன்று வயல் இருக்கிறது. அது இல்லாமல் பெரிய வண்டிகள் திரும்ப முடியாது. எவனும் ஒரு பிடி மண்ணைக்கூட விற்கக் கூடாது என்று ஊரே கைதட்டிச் சத்தியம் செய்தது உனக்குத் தெரியும். முதலில் கைதட்டினவர் அவர். இப்போது அரசு ஆள் தினமும் அவர் வீட்டுக்குப் போகிறான். ஊரில் அவரோடு பேசுகிற ஒரே மனிதன் அவன்தான். அறுவடைத் திருநாள் முடிந்ததும் கையெழுத்துப் போடப் போவதாக மிசுக் சொல்கிறாள். அவர் கையெழுத்துப் போட்டால் மலை போயிற்று.

'தோன்றுகிறது' என்று எழுதியிருந்தாய். அது உன் தொழிலுக்கு ஆகாத வார்த்தை. தெரிந்ததை எழுது. திருநாளுக்கு முன்னால் எழுது. எனக்கு எழுத உன்னால் முடியாவிட்டால் ஊருக்கு எழுது.

ராத்திரியில் குளிர்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

சங்மோ


சோட்கோல்
அக்டோபர் 10

நாரேவுக்கு அண்ணி எழுதுவது.

நீ அனுப்பிய பேரிக்காய்ப் பெட்டி வந்தது. நீ வராததால் உனக்கும் சேர்த்து நானே பெரியவர்களுக்குப் படையல் வைத்தேன். பைன் இலையில் அவித்த கொழுக்கட்டை கொஞ்சம் உன் அண்ணனுக்குக் கொண்டுபோனேன், வெளிச் சாப்பாடு கூடாது என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். காவலாளியைத் தின்னச் சொல்லிவிட்டு வந்தேன். உடம்பு எப்படி இருக்கிறது? திருநாளன்றுகூட ஒரு போன் இல்லை.

ஜோங்கு அண்ணன் கையெழுத்துப் போட்டுவிட்டார். திருநாள் முடிந்த மறுநாள். அதற்கு அடுத்த நாளே லாரியில் சாமான் ஏற்றினார். ஏற்றிவிட ஊரிலிருந்து ஒரு கை போகவில்லை. நானும்தான் போகவில்லை. வாசலில் மிளகாய் காயவைக்கிற சாக்கில் பார்த்துக்கொண்டே நின்றேன். உங் மாமா தெருவில் நின்று கத்தினார்: "பாத்தீங்களாடா! நான் சொன்னேனா இல்லையா? வித்துட்டான்ல! அப்போ காட்டிக் கொடுத்ததும் அவன்தான்!"

கிளம்பும்போது நம் வீட்டு வாசலில் லாரியை நிறுத்தினார். இறங்கவில்லை. ஜன்னல் வழியாகத்தான் பேசினார்.

"சங்மோகிட்ட சொல்லும்மா. அவன் டிராக்டர்ல கிளட்ச் தேஞ்சு போச்சு. வெளிய வந்ததும் மாத்தணும். நான் சொல்லலேன்னும் சொல்லு."

எதைச் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும்.

நேற்று மண் வெட்டுகிற இயந்திரம் வந்து அவருடைய வயலில் இறங்கியது. பிளாஸ்டிக் கூடாரத்தைக் கழற்றக்கூட இல்லை. அப்படியே அதன் மேல் ஏறிப் போனது.

உன் அண்ணன் கடிதத்துக்கு நீ பதில் போடவில்லையாம். உங்களுக்குள் என்னவோ இருக்கிறது. என்னிடம் இரண்டு பேருமே சொல்வதில்லை.

அண்ணி மிசுக்


சியோல்
அக்டோபர் 13

அண்ணா,

உன் நலத்தை விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன், நலமா?

நான்தான் சொன்னேன்.

ஜூலையில் ஒரு நாள். செயலர் யாங்கும் நாங்கள் ஐந்து பேரும் குளிர்ந்த நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்திருந்தோம். அந்த மேசையில் எதையாவது வாங்க வேண்டுமென்றால் எதையாவது கொடுக்க வேண்டும். மற்றவர்களிடம் கட்சிக் கதைகள் இருந்தன, எந்த எம்.பி. யாரோடு சண்டை என்று. என்னிடம் ஒன்றும் இல்லை. யாங் என்னைப் பார்த்து, "நம்ம நாரே அந்தப் பழ ஊரு இல்ல? உங்க ஊருக்காரங்க கொஞ்சம் முரடாமே?" என்றார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். சியோலுக்கு வந்து இத்தனை வருடத்தில் அந்த மேசையில் ஒருவர் என் ஊரைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை. சந்தோஷமாகிவிட்டது.

வேடிக்கையாகச் சொன்னேன். எங்க ஊர்ல பன்றி வந்தா எங்க அண்ணன் ஒலிபெருக்கியில பழைய காதல் பாட்டு போடுவான் சார், பாட்டு முடியறதுக்குள்ள எல்லா டிராக்டரும் கரைப் பாதையில வந்து நிக்கும், பன்றி எங்கயும் தப்ப முடியாது, அந்தப் பாதைக்கு நான் சின்ன வயசுல வச்ச பேரு பன்றி மாமா ரோடு. உன் மாதிரியே குரலை வைத்துப் பாடிக்கூடக் காட்டினேன். மேசையே அதிர்ந்தது. யாங் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "போராட்டத்துக்கும் அந்தப் பாட்டுத்தானா?" என்று கேட்டார். "வேற பாட்டு எங்க ஊர்ல இல்ல சார்" என்றேன்.

இளையவள் சோமி எழுந்து கழிப்பறைக்குப் போனாள். மாலையில் வந்த குறிப்பில் சீனத் தூதர் விஷயத்துக்குக் கீழே என் கதையும் இருந்தது. 'சிரிப்பு' என்று பக்கத்தில் போட்டிருந்தாள்.

அந்த வாரமே யாங் என்னைத் தனியாகக் கூப்பிட்டு அமெரிக்கத் தளபதி வரும் தேதியைச் சொன்னார். முதல் பக்கத்தில் என் செய்தி வந்தது. நான் திறமைசாலி என்று நினைத்துக்கொண்டேன். அது எதற்குக் கூலி என்று உன் ஆகஸ்ட் கடிதத்தைப் படித்தபோதுதான் புரிந்தது.

அன்றே எழுதியிருக்க வேண்டும். எழுதினேன், கிழித்தேன். வேண்டுமென்று காட்டிக் கொடுக்கவில்லை என்று தொடங்குவேன், அடுத்த வரி வராது. பிறகு செப்டம்பரில் நீ திருநாளுக்கு முன்னால் எழுது என்றாய். அந்தத் திருநாளன்று மேசை முன்னால் உட்கார்ந்து ஜப்பான் பிரதமரின் அறிக்கைக்கு விளக்கம் எழுதினேன். அது எளிதாக வந்தது.

நாரே


சிறை
அக்டோபர் 20

நாரேவுக்கு,

எனக்கு முன்பே தெரியும்.

நீதிமன்றம் சிரித்தது என்று எழுதினேனே, அந்தப் போலீஸ்காரன் சொன்னது இதுதான்: "முன்னாடியே தகவல் வந்ததால், பன்றி மாமா ரோடு எனப்படும் பாதையில் எங்களைக் காத்திருக்கச் சொன்னார்கள்." நாட்டிலேயே அந்தப் பெயரைச் சொல்கிற வாய் நம் வீட்டில் மட்டும்தான் இருந்தது. அப்பா போய்விட்டார். அம்மா போய்விட்டார். மிசுக் ஊர்க்காரர்களோடேதான் இருந்தாள், சொல்லியிருக்க மாட்டாள். மிச்சம் யார்?

வண்டியில் திரும்பும்போது கைவிலங்கோடு உட்கார்ந்து உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். அறைக்கு வந்தபோது திட்டத் தோன்றவில்லை. தாளை எடுத்து ஊர்த் தலைவருக்கு எழுத ஆரம்பித்தேன். ஜோங்கு அண்ணன் இல்லை என்று ஒரு வரி எழுதினால் போதும். அடுத்து, 'பின்னே யார்?' என்று கேட்பார்கள். பேனாவை மூடி வைத்துவிட்டேன். உனக்கு எழுதினேன்.

நீயாகச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்ததாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். நம் தாக் குடும்பத்துப் பெண்தான் ஊரைச் சிரிப்புக்கு விற்றாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று பயந்தேன். ஜோங்கு அண்ணன் கையெழுத்துப் போடப் போகிறார் என்று தெரியும், அவர் இல்லை என்றும் தெரியும். தெரிந்துகொண்டே திருநாளைக் கடந்தேன். அவரைத் தள்ளி வைக்கச் சொல்லி ஊருக்கு எழுதின கையும் என்னுடையதுதான். ஆக, மலையைக் கொடுத்தது நீ மட்டும் இல்லை.

அவர் என் கிளட்ச் தேய்ந்ததைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மிசுக் சொன்னாள்.

இனி ஒன்று செய். அவருக்கும் ஊருக்கும் ஒரு கடிதம் எழுது. 'முக்கிய வட்டாரம்' என்று எழுதாதே. பெயர் போடு, அச்சில் எங்களுக்குப் போடுகிற மாதிரி வயதும் போடு. அந்த அதிகாரியின் பெயரும் போடு. மிசுக் அதை ஒலிபெருக்கியில் படிக்கட்டும். இந்தக் கடிதத்தையும் சேர்த்துப் படிக்கச் சொல்.

இடுப்பு இப்போது பரவாயில்லை.

சங்மோ


சியோல்
அக்டோபர் 26

ஜோங்கு அண்ணனுக்கும் சோட்கோல் ஊராருக்கும்,

எல்லோருடைய உடம்பும் நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். அந்த உரிமை எனக்கு இல்லை.

போலீஸுக்கு வழி காட்டியது ஜோங்கு அண்ணன் இல்லை. பாட்டையும் பாதையையும் செயலர் யாங்கிடம் சொன்னது சோட்கோலைச் சேர்ந்த தாக் நாரே (34), செய்தியாளர். ஒரு மதியச் சாப்பாட்டில், ஐந்து பேரைச் சிரிக்க வைப்பதற்காக. போராட்டத்தின் பின்னால் வெளியாட்கள் என்று எழுதியதும் அவள்தான். வெளியாள் ஒருவரும் இல்லை என்று எழுதும்போதே அவளுக்குத் தெரியும்.

நான் சொன்னது ஜூலையில். அதனால் நடந்ததை அறிந்தது ஆகஸ்டில். வயல் போனது அக்டோபரில். நடுவில் நான் வாய் திறந்திருந்தால் வயல் இருந்திருக்கும்.

இதையே செய்தியாக எழுதி யாங் பெயரோடு என் ஆசிரியரிடம் கொடுத்தேன். "சாப்பாட்டு மேசைப் பேச்சை வெளியே போட்டா நாளைக்கு நமக்கு அந்த அறையில நாற்காலி இருக்காதும்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நானே அதை இணையத்தில் போட்டேன். செய்தியாளர் அறையில் வாக்கெடுப்பு நடந்தது. என்னை அறைக்குள் விடுவதில்லை என்று சக செய்தியாளர்கள் கை தூக்கினார்கள். ஊரைக் காட்டிக் கொடுத்ததற்காக இல்லை, யாங்கைக் காட்டிக் கொடுத்ததற்காக. சோமியும் கை தூக்கினாள்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. ஜோங்கு அண்ணன் மண்டபத்துக்குள் வந்தால் குச்சியைக் கீழே வைக்காதீர்கள் என்று மட்டும் கேட்கிறேன். அதைக் கேட்கக்கூடத் தாமதமாகிவிட்டது என்று தெரியும்.

தாக் நாரே


சோட்கோல்
நவம்பர் 5

நாரேவுக்கு அண்ணி எழுதுவது.

குளிர் வந்துவிட்டது, கம்பளி போட்டுக்கொள். எனக்கு முட்டி வலி, மற்றபடி இருக்கிறேன்.

நீ சொன்னபடி படித்தேன். ஆட்களைக் கூட்ட வேறு வழி தெரியாமல் அந்தப் பாட்டையே போட்டேன். பன்றி என்று நினைத்துத் தடியும் டார்ச்சுமாக ஓடி வந்தார்கள். உங் மாமாவுக்கு ஒரு காலில்தான் செருப்பு. மண்டப வாசலில் நின்று முதலில் உன் கடிதம், பிறகு உன் அண்ணன் கடிதம். பாதிக்கு மேல் நான் படிக்கவில்லை. ஊர்த் தலைவர் ஒலிவாங்கியை வாங்கி மிச்சத்தைப் படித்தார்.

யாரும் உன்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உங் மாமா மட்டும் சொன்னார்: "அவ சொன்னது ஒரு நாள். நாம அவனைத் திங்க விடாம வச்சது ரெண்டு மாசம்." அப்புறம் எல்லோரும் தடியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் பஸ் ஏறி ஜோங்கு அண்ணனைப் பார்க்கப் போனேன். மகள் வீடு, பதினான்காவது மாடி. இரண்டு கடிதத்தையும் கொடுத்தேன். கண்ணாடி போட்டு நிதானமாகப் படித்தார். மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இந்த வருசம் பன்றி வந்துச்சா?"

"வந்துச்சுண்ணே. ரெண்டு தடவை."

"பாட்டு போட்டீங்களா?"

"போட்டோம்."

கை நீட்டி ஜன்னலைத் திறந்தார். "இங்க வரைக்கும் கேக்காது" என்றார். ஊருக்கு வாங்க என்று கூப்பிட்டேன். டீ போட எழுந்து போனார். டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

உன் அண்ணனுக்கு வசந்தத்தில் விடுதலை என்கிறார்கள். நீ அப்போது வா. புத்தாண்டுக்கு வேண்டாம், இன்னும் கொஞ்ச நாள் போகட்டும். கரைப் பாதையை இப்போது தளத்துக்காரர்கள் முள்கம்பி போட்டு அடைத்துவிட்டார்கள், காவலாளி நிற்கிறான். அந்த வழியாக வர முடியாது. பஸ் நிறுத்தத்தில் இறங்கி ஊர் வழியாகத்தான் நீ நடந்து வர வேண்டும், எல்லா வீட்டு வாசலையும் தாண்டி.

அண்ணி மிசுக்